காலையில் தார், மாலையில் சாம்பிராணி

3 ஜூலை 2025, வியாழன்

இன்று வியாபாரம் பிரமாதம். நான்கு ஜோடி போனது. நான்குதானே என்று நினைக்கக் கூடாது. அதில் ஒன்று காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு. அது கால் இல்லை, முறம். பாண்டிச்சேரிக் கடைகளில் எல்லாம் கைவிரித்த பிறகு உதுமான் கடைதான் கதி என்று வந்திருக்கிறார். அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருந்தது. காலைப் பார்த்த மாத்திரத்தில் 'பதினொன்று' என்றேன். பன்னிரண்டு பொருந்தியது. கிட்டத்தட்ட சரி.

நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். ஆனாலும் வில்லியனூர்க் கடைத்தெருவில் தோல் என்று யாராவது வாயைத் திறந்தால் அடுத்த சொல் உதுமான்தான். பாரிசில் இருந்து வந்த ஒரு துரை என் கடைச் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பிரெஞ்சில் அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டுப் போனார். வாங்கவில்லை. புகழ்ந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு இர்பானா வந்தாள். என் அக்கா மகள். திருபுவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு செண்ட் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். பையிலிருந்து சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பியை எடுத்து வைத்தாள்.

"மாமா, இது தோல் அத்தர்."

"இன்னா தோலுடி? மாடா, ஆடா?"

"தோலே கெடையாது. மரப்பட்டைய சுட்டு எறக்குற தார் எண்ணெய், குங்குமப்பூ, வெட்டிவேரு, சாம்பிராணி, இப்டி கொஞ்சம் கொஞ்சம் சேத்தா தோலு வாசன வந்துடும். ஸ்பிரிட்டும் கெடையாது. தொழுவப் போறவங்க பூசிக்கட்டும்னு பெருநாளுக்குப் போடறாங்க."

தோலே இல்லாமல் தோல் வாசனையா! எனக்கு முதலிலேயே தெரியும் என்பது போலத் தலையாட்டினேன்.

விஷயம் என்னவென்றால், கம்பெனியில் இவளும் இன்னொரு பெண்ணும் கான்ட்ராக்டில் இருக்கிறார்கள். நிரந்தர இடம் ஒன்றுதான். அத்தரை வெளியாள் ஒருவருக்குக் கொடுத்து, காலையிலிருந்து ராத்திரி வரை வாசனை எப்படி எப்படி மாறுகிறது என்று கேட்டு எழுதித் தர வேண்டும். யார் எழுதுவது உருப்படியாக இருக்கிறதோ அவளுக்கு இடம். கிடைக்காவிட்டால் இவள் வேலை தேடி மெட்ராஸ் பக்கம் ஹாஸ்டலில் போய்க் கிடக்க வேண்டியதுதான். அக்கா இங்கே தனியாக.

"உள்ளத உள்ளபடி வாட்ஸப் வாய்ஸ்ல சொல்லுங்க மாமா. ஜோடிக்கக் கூடாது."

"நான் என்னைக்குடி ஜோடிச்சேன்?"

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி மெஹர் நிஷா சிரித்தாள். ஒரு மனிதன் கேள்வி கேட்டால் அதற்கு எதற்குச் சிரிப்பு?

5 ஜூலை, சனி

கடையைத் திறந்ததும் இரண்டு மணிக்கட்டிலும் பூசினேன். மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பூசினேன். கழுத்தில், தாடியில், காதுக்குப் பின்னால். ஒன்றுமே இல்லை! எப்போதும் போலக் கடை வாசனைதான். கம்பெனிக்காரன் தண்ணியைக் கலந்து ஊத்தியிருக்கிறான் என்று நினைத்தேன்.

பக்கத்து டீக்கடை இன்னாசிமுத்து கையில் சொம்போடு ஓடி வந்தான்.

"பாய், உன் கடையில ஒயரு எரியுதா?"

"உனக்கு மண்டையில எரியுது. போடா."

அவன் சுவிட்ச் பெட்டியை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

மத்தியானம், சாயங்காலம், எப்போது மோந்தாலும் அதே கதை. ஆனால் பிள்ளையின் வேலை தொங்கிக்கொண்டிருக்கும்போது 'ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்ல மனது வருமா? வாய்ஸில் சொன்னேன்: 'காலையில் ரோஜாத் தோட்டம். அதுவும் பன்னீர் ரோஜா. மத்தியானம் மல்லிகை வந்து சேர்ந்துகொண்டது. சாயங்காலம் இரண்டும் கைகோத்துக்கொண்டு நடந்தன.' சொல்லி முடித்து நானே திரும்பப் போட்டுக் கேட்டேன். அருமையாக இருந்தது.

8 ஜூலை, செவ்வாய்

இர்பானா போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போக வேண்டுமாம், அதுதான் கம்பெனிக்கு முக்கியமாம் — முக்கியமான வேலை முக்கியமான ஆளிடம்தான் வரும்.

11 ஜூலை, வெள்ளி

அல்லாஹ்வே.

ஜும்மாவுக்குக் கிளம்பும்போது கடையிலேயே பூசிக்கொண்டேன். அன்றைக்குப் போல வாசனை தெரியாமல் போய்விடக் கூடாதே என்று உள்ளங்கையில் ஊற்றி, முகம் கழுவுகிற மாதிரி கழுவினேன். வெள்ளைச் சட்டை. தலையில் தொப்பி. மாப்பிள்ளை மாதிரி போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் கோழிக்கடை ரபீக். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுளித்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"யாருப்பா செருப்ப உள்ள எடுத்தாந்தது?"

முன்வரிசை திரும்பியது. பின்வரிசை குனிந்தது. "ஆமா, எனக்கும் வருது. புதுச் செருப்பு." "எவனோ திருட்டுப் பயத்துல பையில போட்டு எடுத்தாந்துட்டான்." ஒருவன் பையைத் திறந்து காட்டினான், உள்ளே மாத்திரைதான். இன்னொருவன் தன் கால்சட்டைப் பையையே வெளியே இழுத்துவிட்டுக் காட்டுகிறான். பாவம், அதில் செருப்பு எப்படி நுழையும்?

அப்போதுதான் என் கையிலிருந்து கிளம்பி வருவது எனக்கே தெரிந்தது. புத்தம் புதுச் செருப்பு. அப்போதுதான் பெட்டியைத் திறந்த மாதிரி. அது மட்டுமா, தார் டின் வேறு!

நான் என்ன செய்தேன்? நானும் குனிந்து தேடினேன். தேடினதோடு விட்டேனா? "அல்லாஹ்வோட வூட்டுக்குள்ள செருப்பா? கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்று சத்தம் போட்டேன். எல்லாரையும் விடச் சத்தமாக. ஏன் போட்டேன்? யார் என்னைப் போடச் சொன்னது?

தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன். வாசலில் என் செருப்பு சாதுவாகக் கிடந்தது.

12 ஜூலை, சனி

இர்பானாவுக்கு வாய்ஸ் அனுப்பிவிட்டேன். தொழுகை முடிந்ததும் ரபீக் என் பக்கம் சாய்ந்து, 'அண்ணே, இன்னா அத்தர் இது?' என்று காதோடு காதாகக் கேட்டான் என்று. கேட்டவன் ஒருவன் போதாது என்று தொழ வைக்கிற ஹஜ்ரத்தும் திரும்பிப் பார்த்தார் என்று சேர்த்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தது உண்மைதானே.

இன்னாசிமுத்துவிடமும் இதையே சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "அப்டியா?" என்று மட்டும் சொன்னான். அவனுக்குப் பொறாமை.

17 ஜூலை, வியாழன்

இர்பானா வந்தாள். சாப்பிட உட்கார்ந்தாள். மெஹர் நிஷா மீன் குழம்பு ஊற்றினாள். பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைவதைப் பார்த்தால் தெரிந்துவிடும், என் அக்காவும் அப்படித்தான்.

கம்பெனியில் இவளுக்கு மேலே மணிவண்ணன் என்று ஒரு சார். நான் சொன்னதை இவள் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர் படித்துவிட்டு, 'இதில் ரோஜாவும் இல்லை, மல்லிகையும் இல்லை. ஒன்று நீ வேறு குப்பியைக் கொடுத்திருக்க வேண்டும், இல்லை ஆளிடம் கேட்காமல் நீயே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்' என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். வேறு ஆளைப் பிடித்துச் சரியாக எழுதி வா, இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் இடம் என்று.

"யாரு சொன்னதுன்னு கேட்டாரு. எங்க மாமா செருப்புக்கடை வச்சிருக்காரு, தோலப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்லன்னு சொன்னன்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. இப்படி ஒரு சொல் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

18 ஜூலை, வெள்ளி

காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"மாமா. அன்னைக்கு இங்கயா உக்காந்து மோந்தீங்க?"

"பின்ன எங்க உக்காருவேன், கலெக்டர் ஆபீஸ்லயா?"

"சுத்தி ரெக்சினு, ரப்பரு, ஒட்டற சொல்யூஷன், அட்டைப்பொட்டி. இதுக்குள்ள உக்காந்தா தோல் அத்தர் எப்டித் தெரியும்? உப்பளத்துல நின்னு கொழம்புல உப்பு பாத்த மாதிரி!"

"ரெக்சினா? என் கடையில அத்தனையும் அசல் —"

"மாமா!"

சிரித்துவிட்டாள். நேற்று வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. என் மூக்கின் மேல் குறை இல்லை என்று இதிலிருந்து நிரூபணமாகிறது. மூக்கு இருந்த இடம்தான் குறை.

'இன்னொரு தடவை நானே பூசிக்கொள்கிறேன்' என்றேன். யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம் குப்பியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

20 ஜூலை, ஞாயிறு

கடையைச் சாத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு நான் கடை சாத்தியதைக் கடைத்தெரு இதற்கு முன் பார்த்ததில்லை. எங்கே போகிறாய் என்று இன்னாசிமுத்து கேட்டதற்குக் கவர்னர் ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். கவர்னரைப் பார்க்கத் தூக்குச் சட்டியில் எலுமிச்சை சாதத்தோடு பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டா போகிறாய் என்றான். கவனிக்கிற கண் அவனுக்கு.

தோல், ரெக்சின் எதுவும் இல்லாத இடமாக, கடல் காற்று அடிக்கிற இடமாக வேண்டும் என்று மணப்பட்டுக்குப் போவதாகத் திட்டம். மெஹர் நிஷா இரண்டாவது மூக்கு.

குளித்துவிட்டு வீட்டிலேயே பூசினேன். ஒரு மணிக்கட்டுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். சட்டை நெஞ்சில் ஒரு சொட்டு வைத்தது மெஹர் நிஷா. துணியில் எப்படி என்று பார்க்கலாமே என்றாள்.

இதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அது. வண்டியை உதைத்துக் கிளப்புவதற்குள் அது போய்விட்டது. போன இடத்தில் தார் வந்து உட்கார்ந்தது. ரோடு போடும்போது டிரம்மில் காய்ச்சுவார்களே, அந்தக் கறுப்பு நெடி. அதற்குள்ளே புதுச் செருப்புப் பெட்டி. அதற்கும் பின்னால் எங்கேயோ ஒரு பெட்ரோல் பங்க். பின்னால் உட்கார்ந்திருந்தவள் முக்காட்டை மூக்கோடு இழுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, ரோடு போடற லாரி பின்னாடியே போற மாதிரி இருக்கு."

"நல்லா இருக்கா, இல்லையா?"

"லாரி நல்லாத்தான் இருக்கு."

தவளக்குப்பத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அதற்குள் தார் பாதி அடங்கியிருந்தது. இப்போது வேறு ஒன்று. குங்குமப்பூ டப்பாவைத் திறந்தால் வாசனைக்கு முன்னால் மருந்து மாதிரி ஒரு கசப்பு வருமே, அது. முரட்டு மாமனார் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. டீ கொண்டு வந்தவன் என் பக்கத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றான். நின்றது போல எனக்குத் தோன்றியது. — இல்லை, சில்லறைக்குத்தான் நின்றான்.

மணப்பட்டில் இறங்கினால் கரை முழுக்கக் கருவாடு காய்கிறது.

"மோந்து பாக்க நல்ல எடமாப் பாத்து கூட்டாந்தீங்க" என்றாள் மெஹர் நிஷா.

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போனேன். பெயர் செங்கமலமாம். கையை நீட்டி, 'அம்மா, இதில் என்ன வாசனை வருகிறது?' என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. பின்னால் மெஹர் நிஷா நிற்பதைப் பார்த்த பிறகுதான் மோந்தது.

"இன்னாண்ணே, பள்ளிக்கூடம் தொறக்க சொல்ல புள்ளைங்க புதுப் பையி வாங்குமே, அது மாதிரி வருது. கொஞ்சம் பீடிக் கட்டும் வருது. பீடி குடிப்பியா?"

"தொட்டதே இல்ல."

"அப்போ பையிதான்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக்குத் திரும்பிவிட்டது. இத்தனை கருவாட்டுக்கு நடுவிலும் அந்த மூக்குக்கு அது தெரிந்ததே!

சவுக்குத் தோப்பில் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். காற்று நின்று வெக்கை ஏறியது. வியர்த்தது. வியர்த்ததும் செத்துப் போச்சு என்று நினைத்த வாசனை எழுந்து வந்தது. ஆனால் ஆள் மாறிப் போயிருந்தது. புதுச் செருப்பு இல்லை இப்போது. பத்து வருஷம் கட்டின வாட்ச் வார். கழற்றினால் உட்பக்கம் வழுவழுவென்று, நம் கை எது அதன் தோல் எது என்று தெரியாமல் இருக்குமே, அது. நாற்பது வருஷம் செருப்பு விற்றும் இந்த வாசனையை நான் விற்றதில்லை. புதுசு மட்டும்தானே விற்கிறேன், இது வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் நடப்பது.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு வெட்டிவேர் வந்தது. தண்ணீர் தெளித்த தட்டி மாதிரி ஈரமாக இல்லை. காய்ந்த வேர்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுதுவிட்டு வீட்டில் உட்கார்ந்து மோந்தேன். தாரும் இல்லை, செருப்பும் இல்லை. சாம்பிராணி. புகை இல்லை, புகை போன பிறகு தலைமுடியில் தங்கி இருக்கிற இனிப்பு. என் மூக்கை நானே நம்பவில்லை. மெஹர் நிஷாவைக் கூப்பிட்டுக் கையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து மோந்தாள். மோந்து முடித்தும் கையை விடவில்லை.

"இது நல்லா இருக்குங்க" என்றாள்.

எத்தனை வருஷம் ஆகிறது அவள் என் கையைப் பிடித்து! சட்டையை மோந்தால் அதில் இன்னும் தார்தான். சட்டையில் காலை, கையில் சாயங்காலம். இதை நானாகவே கண்டுபிடித்தேன்.

"பாப்பாகிட்ட சொல்றதா இருந்தா எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்றாள் மெஹர் நிஷா. "பள்ளிவாசல்ல செருப்பு தேடுனீங்களே, அதையும்."

"உனக்கு யாரு சொன்னது?"

"ரபீக் பொஞ்சாதி. செருப்பு நாத்தம் வந்துச்சாம், எல்லாரும் தேடுனாங்களாம், உங்க வூட்டுக்காருதான் ரொம்ப கோவப்பட்டாருன்னு பெருமையா சொன்னா. அந்தச் சட்டையத் தொவைச்சது நாந்தானே. மூணு தண்ணி ஊத்தியும் போவல."

ஒன்பது நாளாக வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள். என்ன மனுஷி!

21 ஜூலை, திங்கள்

விடிந்ததும் இர்பானா வீட்டுக்கே போய்ச் சொன்னேன். வாய்ஸ் இல்லை, நேரில். டிரம், வாட்ச் வார், செங்கமலத்தின் புதுப் பை, எல்லாம். அவள் போனில் டைப் அடித்துக்கொண்டே வந்தாள். ரோஜா எங்கே என்று கேட்கவில்லை.

பள்ளிவாசல் கதைக்கு வந்தேன். பாதியில் டைப் அடிப்பதை நிறுத்தினாள். நான் குனிந்து தேடியதைச் சொன்னபோது சுவரில் சாய்ந்தாள். சத்தம் போட்டதைச் சொன்னபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். என் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள்.

"மாமா, இத ஏன் மாமா சொல்லல? இதுதான் மாமா வேணும்! தொழுவப் போறவங்களுக்குன்னு விக்கப் போறாங்க. பூசிக்கிட்டு நேரா உள்ள போனா செருப்ப எடுத்தாந்த மாதிரி ஆவுது. இது தெரியாம பொட்டி அச்சடிக்கறதுக்கு இருந்தாங்க!"

"எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத."

"போட்டுட்டன்" என்றாள்.

24 ஜூலை, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. கடையில் உட்கார்ந்தால் வாசனையே தெரியமாட்டேன் என்கிறது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

30 ஜூலை, புதன்

இர்பானா ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் வாயால் சொல்லட்டும் என்று செருப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மணிவண்ணன் சார் படித்துவிட்டுக் குப்பியை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். மறுநாள் காலை குளித்துவிட்டுப் பூசிக்கொண்டு சாமி அறைக்குள் கால் வைத்திருக்கிறார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, "செருப்போட எங்க உள்ள வர்றீங்க!" என்று கத்தியிருக்கிறது. குனிந்து தன் காலைப் பார்த்தாராம் மனுஷன். நானாவது மற்றவன் காலைப் பார்த்தேன்.

தாரைக் குறைக்கப் போகிறார்கள். தொழுகைக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே பூசிக்கொள்ளவும் என்று பெட்டியில் போடப் போகிறார்கள். மற்ற ஆட்கள் எல்லாம் 'சூப்பர், நல்லா நிக்குது' என்று எழுதிக் கொடுத்தார்களாம். கருவாட்டுக்கு நடுவில் கொண்டுபோய் மோந்து பார்த்த ஆள் நான் ஒருவன்தான் என்று சார் சொன்னாராம். இதை நான் சேர்க்கவில்லை, அவளே சொன்னாள்.

வேலை நிரந்தரம். அக்கா அழுதாளாம். "அந்தப் பொண்ணுதான் பாவம் மாமா" என்றாள் இர்பானா. பெட்டியில் பாதி ஸ்வீட் தனியாக மடித்து வைத்திருந்தது அந்தப் பெண்ணுக்கு.

இன்னாசிமுத்துவிடம், கம்பெனியில் என்னை மூக்கு அதிகாரியாக வரச் சொல்லிக் கெஞ்சினார்கள், கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றேன். டீக்குக் காசு வாங்கவில்லை. நம்பியதாலா, கேட்டுக் களைத்ததாலா தெரியாது.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்ததும் பூசிக்கொண்டேன். இர்பானா கொடுத்த புதுக் குப்பி, தார் குறைத்தது. கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து ஜும்மாவுக்குப் போனேன்.

தொழுகை முடிந்தது. ரபீக் என் பக்கம் சாய்ந்தான்.

"அண்ணே, இன்னா அத்தர் இது? நல்லா இருக்கே."

அதே வார்த்தை. நான் போன மாதம் அவன் வாயில் வைத்த அதே வார்த்தை! துபாய் ஷேக் ஒருவர் என்று ஆரம்பிக்க நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாம் என்று, "எங்க அக்கா பொண்ணு செஞ்சது, திருபுவனையில" என்றேன்.

"போங்கண்ணே, எப்பப் பாத்தாலும் கத வுட்டுக்கிட்டு" என்றான்.

வெளியே வந்ததும் இன்னாசிமுத்துவிடம் ஓடினேன். ரபீக் கேட்டான்டா, நிஜமாகவே கேட்டான் என்றேன்.

"இததான் போன மாசமே சொன்னியே பாய்" என்று டீயை நீட்டினான்.

சாயங்காலம் மெஹர் நிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே கையை எடுத்துக்கொண்டாள். சாம்பிராணி வந்துவிட்டது என்றாள்.